சாவு ஆய்வில் மூன்று சுற்று: ஒரு நர்ஸின் மதிப்புரை

நான் பதில் எழுதிக் கொடுத்த ஓர் ஆய்வைப் பற்றி இது. மார்க்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு மூன்றரை. அந்த அரை மார்க் எதற்கு என்பது பால் விஷயத்தில் வரும்.

நான் திருச்சிப் பக்கம் பாலியேட்டிவ் கேரில், அதாவது குணமாகாத நோயாளிகளின் வலியையும் வேதனையையும் தணிக்கிற பராமரிப்பில், பத்தொன்பது வருடம் வீடு வீடாகப் போன நர்ஸ். லால்குடி, முசிறி, மணச்சநல்லூர் என்று சுற்றி, முற்றிய கேன்சர்காரர்களுக்குப் புண் கட்டுவது, டியூப் மாற்றுவது, கடும் வலிக்கான மார்ஃபின் மாத்திரையை எண்ணிக் கொடுத்து நோட்டில் கணக்கு எழுதுவது. போன வருடம் எங்கள் டாக்டரம்மா போன் செய்தார். "சிஸ்டர், சாவைப் பத்தி இனிமே எதையெல்லாம் ஆராய்ச்சி பண்ணணும்னு வெளிநாட்டு யுனிவர்சிட்டி ஒண்ணு நிபுணர்கள்கிட்ட கேக்குது. உங்க பேரையும் குடுத்திருக்கேன்." நான் எந்த ஊர் நிபுணர் டாக்டர் என்றேன். "இதுவரைக்கும் எத்தனை சாவு பாத்திருப்பீங்க?" என்று திருப்பிக் கேட்டார். எண்ணினதில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

இந்த வகை ஆய்வுக்கு டெல்ஃபி என்று பெயர். கிரேக்க நாட்டில் குறி சொன்ன கோவில் இருந்த ஊரின் பெயர் அது. நிபுணர்களை ஒரே அறையில் உட்காரவைத்தால் பெரிய பேராசிரியர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அதனால் ஒருவர் யாரென்று இன்னொருவருக்குத் தெரியாமல் கேள்வித்தாள் அனுப்பி, பதில்களைத் தொகுத்துத் திரும்பவும் அனுப்பி, சுற்றுக்குச் சுற்று கருத்து ஒத்துவருகிறதா என்று பார்க்கிறார்கள். அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தில் 1950களில் உருவான முறை. ஆரம்பகாலச் சோதனை ஒன்றில் ஏழு பேரிடம் கேட்டது, அமெரிக்காவின் ஆயுத உற்பத்தியை முடக்க சோவியத்துக்கு எத்தனை அணுகுண்டு தேவைப்படும் என்று. அந்தக் கட்டுரை 1963இல்தான் வெளியே வந்தது. நினைவு தப்பும் முன்பே தன் சிகிச்சை விருப்பங்களைப் பேசி வைப்பது என்றால் என்ன என்ற வரையறையை ஐரோப்பிய பாலியேட்டிவ் கேர் சங்கம் 2017இல் வெளியிட்டதும் இதே முறையில்தான். குண்டு எண்ணக் கண்டுபிடித்ததை இதற்குக் கொண்டுவந்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

ஒப்புதல் படிவம் நன்றாகவே இருந்தது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், ஆனால் பதில்கள் தொகுப்பில் கலந்த பிறகு பிரித்து எடுக்க முடியாது என்று நேர்மையாகச் சொல்லியிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில், பதில் எழுதும்போது மனம் கலங்கினால் அழைக்க மூன்று தொலைபேசி எண்கள். மூன்றும் அவர்கள் நாட்டு எண்கள். ஐ.எஸ்.டி. போட்டு அழ நமக்குக் கட்டுப்படியாகாது. இந்தியாவிலிருந்து ஆள் சேர்க்கிறவர்கள் இங்கே ஒரு எண்ணாவது தேடியிருக்கலாம். அக்கா போய் ஏழு மாதம் ஆகியிருந்த நேரம் அது, அதனால்தான் அந்தப் பக்கம் கண்ணில் பட்டதோ என்னவோ.

முதல் சுற்றுக்கு இருபது நிமிடம் போதும் என்றார்கள். எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. அதுவும் இரண்டாவது தடவையில். முதல் தடவை பாதியில் கரண்ட் போய், எழுதியது எல்லாம் போச்சு. சேமித்து வைக்கும் பட்டனே இல்லை. அதற்கே ஒரு மார்க் குறைத்தேன். முழுக்க ஆங்கிலம் வேறு. நான் சமாளித்தேன். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021லிருந்து வீடு வீடாகப் போகிற பெண்கள் எத்தனையோ பேர் என்னைவிட நன்றாகப் பதில் சொல்வார்கள், அவர்களை இந்தப் படிவம் வாசலிலேயே நிறுத்திவிடும்.

ஆனால் கேள்வி பிரமாதம். "உங்கள் வேலையில் விடை தெரியாமல் உங்களை உறுத்திக்கொண்டே இருப்பது எது?" பத்தொன்பது வருடத்தில் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. பால் ஊற்றுவது பற்றி எழுதினேன்.

மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும். சொந்தம் எல்லாம் வரிசையாக வந்து வாயில் பால் விடும். மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிற மகளுக்காக டம்ளரில் கொஞ்சம் மீதி வைத்திருப்பார்கள். விழுங்க முடியாதவர் வாயில் ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குப் போகும், வாய்வழியாக எதுவும் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லித் தந்த பாடம். ஆரம்பத்தில் நானும் கறாராகத் தடுத்தேன். ஒரு வீட்டில் மூத்த பையன், "எங்கப்பாவுக்கு நான் பால் ஊத்தக் கூடாதுன்னு சொல்ல நீங்க யாரு சிஸ்டர்?" என்றார். நான் பதில் பேசவில்லை, டம்ளரையும் தரவில்லை. கருமாதிக்குப் பிறகு பார்க்கப் போனபோது அவர் என்னோடு பேசவில்லை. அதற்கப்புறம் பஞ்சைப் பாலில் நனைத்து அவரவர் கையிலேயே கொடுத்து உதட்டில் தடவச் சொல்வேன். எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் எனக்குத் தெரியாதது இரண்டு. சில மணி நேரத்தில் போகப்போகிறவருக்கு ஒரு சொட்டுப் பால் நிஜமாகவே கெடுதல் செய்கிறதா? ஊற்ற விடாமல் நான் தடுத்தவர்கள் அதற்கப்புறம் எப்படித் தூங்கினார்கள்?

இரண்டாம் சுற்றில் ஐம்பத்திரண்டு வாக்கியங்கள் வந்தன. ஒவ்வொன்றும் ஆராய்ச்சிக்கு எவ்வளவு முக்கியம் என்று ஒன்றிலிருந்து ஒன்பது வரை மார்க் போட வேண்டும். நாற்பத்தோராவது வாக்கியம்: "பண்பாடு சார்ந்த வாய்வழி நடைமுறைகளின் பாதுகாப்பு." என் பால்தான். சலவைக்குப் போட்டு, இஸ்திரி போட்டு, என் துணி என்றே தெரியாமல் திரும்பி வந்திருந்தது. தூங்காதவர்கள் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒன்பது போட்டேன், கீழே காட்டமாக ஒரு குறிப்பும் எழுதினேன்.

"எங்கே இறக்க விரும்புகிறார்" என்ற வாக்கியத்திலும் தடுமாற்றம்தான். வீடா, மருத்துவமனையா என்று இரண்டே யோசனை அவர்களுக்கு. நம் ஊரில் எங்கள் பொறுப்பில் கூட்டிப்போகிறோம் என்று ஐ.சி.யூ.வில் எழுதிக் கொடுத்துவிட்டு, ஆம்புலன்ஸில் மூச்சு கொடுக்கும் ஆம்பு பையைக் கையால் அமுக்கிக்கொண்டே ஊருக்குக் கொண்டுவந்து, திண்ணையில் கிடத்தின பிறகு மூச்சுக் குழாயை எடுப்பார்கள். இவர் எங்கே இறந்தார் என்று எழுதுவது? கடைசி நேரத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கிற உயில் பற்றியும் இருந்தது. உச்ச நீதிமன்றம் 2018இல் அனுமதித்து, மாஜிஸ்திரேட் கையெழுத்துக்குப் பதில் நோட்டரி போதும் என்று 2023இல் எளிதாக்கியதுதான். நான் போன வீடுகளில் ஒருவரிடமும் அப்படி ஒரு காகிதம் பார்த்ததில்லை.

மூன்றாம் சுற்றில் நம் மார்க்குக்குப் பக்கத்தில் கூட்டத்தின் நடு எண்ணைக் காட்டுவார்கள், வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம். மார்ஃபின் கிடைப்பது பற்றிய வாக்கியத்துக்கு நான் ஒன்பது, கூட்டம் ஆறு. 1985 போதைப்பொருள் சட்டத்தில் மாநிலத்துக்கு மாநிலம் லைசென்ஸ் வாங்கி அலைந்ததையும், 2014இல் சட்டம் திருத்தின பிறகும் மாத்திரை இருக்கும் கடையைத் தேடினதையும் பார்த்தவள் நான். அந்த ஆறு, தெருமுனை மருந்துக்கடையில் மார்ஃபின் கிடைக்கிற ஊர்க்காரர்கள் போட்ட ஆறு. மாற்றவில்லை. வேறு இரண்டு இடங்களில் மாற்றினேன். ஒன்று யோசித்து மாற்றியது. இன்னொன்று, எல்லோரும் எட்டு போட்டிருக்கும்போது நான் மட்டும் மூன்றா என்று கூச்சப்பட்டு மாற்றியது. பெயர் தெரியாவிட்டால் பயம் இருக்காது என்கிறார்கள். எண்ணைப் பார்த்தும் பயம் வரும்.

அதே சுற்றில் என் குறிப்புக்குக் கீழே வேறு யாரோ எழுதியிருந்தார்: "எங்கள் வீடுகளில் கங்கை நீர். நானும் தடுத்திருக்கிறேன். இன்றும் நினைத்துக்கொள்கிறேன்." யார், எந்த ஊர், டாக்டரா நர்ஸா, எதுவும் தெரியாது. அந்த அரை மார்க் அவருக்கு. வாக்கியத்தையும் இந்த முறை திருத்தியிருந்தார்கள், "வாயில் பாலோ நீரோ விடும் வழக்கமும் குடும்பத்தின் துக்கமும்" என்று. சொன்னால் காது கொடுக்கிறார்கள், அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

முக்கால்வாசிப் பேர் ஏழோ அதற்கு மேலோ போட்டால்தான் பட்டியலில் இடம் என்பது விதி. பால் அதைத் தொடவில்லை. ஒத்தகருத்து எட்டாதவை என்று பின்னிணைப்பில் போடுவார்களாம்.

நன்றிக்கு ஒரு பரிசுக் கூப்பன் அனுப்பினார்கள். அதிலிருந்த எண்ணை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். அந்தக் கடை இந்தியாவுக்கு அனுப்புவதில்லையாம்.