டாப்ஸ் 1987 பேஸ்பால் பாக்கெட்: பெங்களூரில் வாங்கிப் பிரிக்க நினைப்பவர்களுக்கு

டாப்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 1987இல் வெளியிட்ட பேஸ்பால் வீரர் படக் கார்டுகள் இவை. மெழுகுத்தாள் சுற்றிய ஒரு பாக்கெட்டில் 17 கார்டு, ஒரு பபிள் கம் பட்டை. முழு செட் 792 கார்டு. இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் பாதி ஏமாற்றம் குறையும். எல்லாக் கார்டும் சம அளவில் அச்சானதாக வைத்துக்கொண்டால், குறிப்பிட்ட ஒரு கார்டு கிடைக்க சராசரியாக 47 பாக்கெட் பிரிக்க வேண்டும். 36 பாக்கெட் உள்ள முழுப் பெட்டியை உடைத்தாலும் 612 கார்டுதான். ஒன்றுகூட இரட்டையாக வராவிட்டாலும் செட் நிறையாது.

எனவே பாரி பாண்ட்ஸ் (எண் 320), போ ஜாக்சன் (170), மார்க் மக்வயர் (366) ஆகிய நட்சத்திர வீரர்களில் யாராவது ஒருவர்தான் வேண்டும் என்றால் அந்தக் கார்டைத் தனியாக வாங்கிவிடுங்கள். கிரெக் மேடக்ஸைத் தேடி இந்தப் பாக்கெட்டைப் பிரிக்கவே வேண்டாம். அவர் தனியாக வந்த ‘ட்ரேடட்’ செட்டில் இருக்கிறார். பணம் பண்ணும் எண்ணமும் வேண்டாம். அந்த வருடங்களில் அச்சகம் ஓயாமல் ஓடியது. இன்றும் பிரிக்காத பெட்டிகள் ஏராளம். கையில் எடுத்துப் பார்க்கும் சுகத்துக்கு வாங்கினால் நல்ல பொருள். மரப்பலகை மாதிரி ஓரம், இடது மேல்மூலையில் அணிச் சின்னம், வலது கீழ்மூலையில் வண்ணக் கட்டத்துக்குள் பெயர். 1962 டாப்ஸின் மர ஓரத்தைத் திரும்பக் கொண்டுவந்த அமைப்பு இது.

ஒற்றைப் பாக்கெட்டை அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் தபால் செலவு பாக்கெட் விலையைத் தாண்டிவிடும், சுங்கவரி வேறு. நாலு பேர் சேர்ந்து ஒரு பெட்டி எடுப்பது, அல்லது ஊருக்கு வரும் சொந்தக்காரரிடம் சொல்லிவிடுவது மேல். பெட்டி ஒரு கிலோவுக்குச் சற்று மேல் வரும், அவர் முகம் சுளிக்க மாட்டார்.

வந்ததும் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். தாளின் மடிப்புகளைச் சூட்டில் மெழுகு இளக்கி ஒட்டியிருப்பார்கள். மெழுகு இரண்டு தடமாகத் தெரிந்தாலோ, தாள் தொளதொளவென்று இருந்தாலோ, இஸ்திரிப் பெட்டி பட்டது போலப் பளபளப்பு பரவியிருந்தாலோ, யாரோ திறந்து நல்ல கார்டை உருவிவிட்டு மூடியிருக்கலாம். உள்ளே கம் உடைந்து கலகலப்பது நல்ல அறிகுறி, ஆனால் அதை மட்டும் நம்பிவிடக் கூடாது.

பிரிப்பதற்குக் காலை நேரம் தோது. ஏப்ரல் மதியம் டெலிவரி வண்டியில் வெந்து வந்த பாக்கெட்டில் மெழுகு இளகி இருக்கும். உடனே இழுத்தால் கார்டோடு ஒட்டிக்கொண்டு வரும். ஒரு ராத்திரி நிழலில் வையுங்கள். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் வியர்த்து அட்டை ஈரமாகும். நடுவில் கிழிக்காமல், இரு முனை மடிப்புகளை முதலில் விடுவித்து, பிறகு நீள மடிப்பை நகத்தால் மெல்லத் தூக்குங்கள். கார்டுகளைக் கட்டாகவே வெளியே எடுங்கள். ஒவ்வொன்றாக உருவினால் மூலை மடங்கும், பழுப்பு ஓரத்தில் வெள்ளை தெரிந்துவிடும்.

கம் கண்ணாடிச் சில்லு மாதிரி நொறுங்கும். வாயில் போடும் சாமர்த்தியம் வேண்டாம். பொடியை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு மேஜையைத் துடைத்துவிடுங்கள், எறும்பு வந்து சேரும். கம் ஒட்டியிருந்த கார்டில் படிந்த சர்க்கரைக் கறை போகாது. அந்த ஒரு கார்டைப் பலிகொடுத்ததாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். மெழுகுக்கு வழி உண்டு: கார்டின் முன்பக்கத்தில் இருந்தால் பழைய நைலான் காலுறையால் வட்டமாக, அழுத்தாமல் தேய்த்தால் வந்துவிடும். பின்பக்கம் பூச்சு இல்லாத அட்டை, தேய்த்தால் நார் கிளம்பும். விட்டுவிடுங்கள்.

இதே வருடத்தில் டான்ரஸ் என்ற இன்னொரு நிறுவனம் விட்ட பாக்கெட்டில் கம் கிடையாது, பதிலுக்குப் பழைய வீரர் ராபர்ட்டோ கிளமென்டே படத்தின் ஜிக்சா துண்டுகள் வரும். கறைத் தொல்லை குறைவு. ஆனால் அதன் கறுப்பு ஓரம் தொட்டாலே உதிரும், புதிதாகத் தொடங்குபவருக்கு டாப்ஸே மேல். 1990களின் வழவழப்புப் பூச்சுக் கார்டுகளில் வேறு சிக்கல்: ஈரம் இறங்கினால் செங்கல்லாக ஒட்டிப்போகும், மும்பை மழையில் இன்னும் மோசம். நகத்தால் பிய்க்காமல், கார்டுக் கட்டை இருபுறமும் லேசாக வளைத்து வளைத்துப் பிரிக்க வேண்டும்.

பிரித்த கையோடு ஸ்லீவில் (கார்டு அளவு பிளாஸ்டிக் உறை) போடுங்கள். கார்டு இரண்டரைக்கு மூன்றரை அங்குலம். போகிமான் கார்டுக்கு விற்கும் ஸ்லீவே பொருந்தும், அமெரிக்காவிலிருந்து தனியாக வரவழைக்கத் தேவையில்லை. மெழுகுத்தாளையும் எறிந்துவிடாதீர்கள், அதையும் சேகரிக்கிறார்கள். நீவித் தட்டையாக்கி, கார்டுகளோடு சேர்க்காமல் தனி உறையில் வையுங்கள்.