பிராக்கா, புர்னோவா? இரண்டு செக் ஊர்களிலும் குடித்தனம் நடத்தியவளின் அலசல்

சித்தி மகனுக்கு ஒரே வாரத்தில் இரண்டு வேலைக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒன்று பிராக்கிலிருந்து, இன்னொன்று புர்னோவிலிருந்து. "அக்கா, நீ ரெண்டு ஊர்லயும் இருந்திருக்க. எனக்கு எது சரிப்படும், சொல்லு" என்று போனில் கேட்டான். பிராக்கில் மூன்றரை ஆண்டு இருந்தோம். புர்னோவுக்கு வந்து இது ஆறாவது ஆண்டு. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன். இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் வேலை பார்த்து, ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புவதாக இருந்தால் பிராக். குழந்தை குட்டியோடு வேரூன்றி இருப்பதாக இருந்தால் புர்னோ. வாடகை, சம்பளம் எல்லாம் இதில் இரண்டாம்பட்சம். எனக்கு முதல் காரணம் மொழி. அதற்கு வருவதற்குள் மற்றவற்றைப் பார்த்துவிடலாம்.

பிராக்கின் மக்கள்தொகை 13 லட்சத்துக்கு மேல். புர்னோ 4 லட்சத்தைச் சுற்றி. நாட்டின் இரண்டாவது பெரிய ஊர் என்றாலும், மையத்திலுள்ள சுதந்திரச் சதுக்கத்தில் அரை மணி நேரம் நின்றால் தெரிந்த முகம் ஒன்றாவது எதிர்ப்படும். பிராக்கில் எங்கள் வீடு ஹாயெயில், மெட்ரோவின் சி தடம் முடியும் இடம். போக்குவரத்தைப் பொறுத்தவரை பிராக்கை அடித்துக்கொள்ள முடியாது. மூன்று மெட்ரோ தடங்கள், நான்காவதை இப்போது தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் இருந்தபோது ஆண்டுச் சீட்டு 3650 கொருனா (செக் நாணயம்), அதாவது ஒரு நாளைக்குப் பத்தே கொருனா. மெட்ரோ, டிராம், பேருந்து எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும்.

புர்னோவில் மெட்ரோ கிடையாது. டிராம்தான் ஊரின் உயிர்நாடி. அதற்கு இங்கே பெயரே வேறு, 'ஷாலினா'. பிராக் பழக்கத்தில் 'டிராம்வாய்' என்று சொன்னால், எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று அந்தக் கணமே தெரிந்துவிடும். இரவுப் பேருந்து விஷயத்தில் மட்டும் எனக்குப் புர்னோவின் ஏற்பாடுதான் மனதுக்குப் பிடித்தது. எல்லாத் தடத்துப் பேருந்துகளும் தலைமை ரயில் நிலையத்துக்கு முன்னால் வந்து கூடும். வண்டி மாறுகிறவர்கள் ஓடி ஏறிக்கொள்ளும்வரை காத்திருந்து, ஒரே நேரத்தில் நாலு திசைக்கும் புறப்படும். நள்ளிரவு தாண்டி வேலை முடிந்து தனியாக வரும் பெண்ணுக்கு அந்தக் கூட்டமும் வெளிச்சமும் எவ்வளவு தைரியம் என்பதை அனுபவித்துச் சொல்கிறேன். பிராக்கிலும் 91 முதல் 99 வரை இரவு டிராம்கள் உண்டு, லஸார்ஸ்காவில் மாறிக்கொள்ளலாம். அதுவும் பாதுகாப்பானதுதான். ஆனால் அங்கே சுற்றுலாக் கூட்டத்தின் குடிச்சத்தம் கூடவே வரும்.

வீடு தேடும்போது இரண்டு ஊரிலும் ஒரே கணக்குதான். '2+கக' என்றால் இரண்டு அறை, அதில் ஒன்றின் மூலையில் சமையல் மேடை. '2+1' என்றால் இரண்டு அறையோடு சமையலறை தனி. நம் தாளிப்புக்குத் தனிச் சமையலறைதான் நல்லது, ஒன்றைக் கண்டால் விடாதே. முன்பணத்துக்குச் சட்டப்படி மூன்று மாத வாடகை உச்சவரம்பு. தரகர் மூலம் போனால் வழக்கமாக இன்னொரு மாத வாடகை அவருக்கு. பிராக்கில் வாடகை கூடுதல், அது எல்லோருக்கும் தெரிந்ததே. புர்னோவும் இப்போது மலிவில்லை, மாணவர் கூட்டம் அதிகம். ஆகஸ்ட், செப்டம்பரில் வீடு தேடாதே.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பிராக்கில் எங்கள் முதல் வீட்டுக்காரர் தபால் பெட்டியில் எங்கள் பெயரை ஒட்ட விடவில்லை. 'சின்ன விஷயம்தானே' என்று விட்டுவிட்டோம். இந்த நாட்டில் அரசுக் கடிதம் வண்ணப் பட்டை போட்ட உறையில் வரும். ஆள் இல்லையென்றால் தபால்காரர் ஒரு சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார். பத்து நாளுக்குள் தபால் நிலையத்தில் போய் வாங்கவில்லை என்றால், கையில் கிடைத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். பெட்டியில் பெயரே இல்லாத எங்களுக்கு அந்தச் சீட்டும் கிடைக்கவில்லை. குடியிருப்பு அனுமதி நீட்டிப்புக்குக் கூடுதல் தாள் கேட்டு வந்த கடிதம் அப்படியே போயிற்று. கெடு முடிய நாலு நாள் இருக்கையில் தற்செயலாகத் தெரிந்து ஓடினோம். அந்த நாலு நாளும் நானும் அவரும் சரியாகத் தூங்கவில்லை.

அனுமதிச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றே. வந்த 3 வேலை நாளுக்குள் உள்துறை அமைச்சக அலுவலகத்தில் போய்க் கைரேகை கொடுக்க வேண்டும். அட்டை கைக்கு வந்த ஒரு வருடத்துக்குள் 4 மணி நேர அறிமுக வகுப்பு. ஐந்து ஆண்டு தொடர்ந்து இருந்தால் நிரந்தரக் குடியிருப்புக்கு மனுப் போடலாம். அதற்கு செக் மொழித் தேர்வில், 2021 செப்டம்பரிலிருந்து, ஏ2 நிலை, அதாவது தொடக்க நிலையின் இரண்டாம் படி, தேற வேண்டும். வித்தியாசம், வழி காட்ட ஆள் இருப்பதில்தான். பிராக்கிலும் குடியேறியவர்களுக்கு உதவும் மையம் உண்டு, ஆனால் ஊர் பெரிது, வரிசையும் பெரிது. புர்னோவில் நகராட்சி ஆதரவோடு நடக்கும் வெளிநாட்டவர் மையத்தில், எந்தத் தாளை எங்கே கொடுப்பது என்று கட்டணமில்லாமல் உட்காரவைத்துச் சொல்லித் தந்தார்கள். மகளுக்குக் குழந்தை மருத்துவர் கிடைக்காமல் அலைந்தபோது, புதிதாகச் சேர்த்துக்கொள்ளும் மருத்துவர்கள் யார் என்று விசாரித்துச் சொன்னதும் அவர்கள்தான். பிராக்கில் ஆங்கிலம் பேசும் மருத்துவர் எளிதாகக் கிடைப்பார் என்பதையும் மறைக்கக் கூடாது.

சாப்பாட்டில் பிராக் முந்துகிறது. லிபுஷ் பகுதியில் 'சாபா' என்று வியட்நாமியர்களின் பெரிய சந்தை இருக்கிறது, ஓர் ஊர் போல. கொத்தமல்லிக் கட்டு, பச்சை மிளகாய், இஞ்சி, மூட்டை அரிசி என்று மனம் நிறைய வாங்கலாம். புர்னோவில் ஓலொமோவ்ட்ஸ்கா தெருவில் வியட்நாமியச் சந்தை உண்டு, ஆனால் சிறியது. கறிவேப்பிலைக்கு நான் இன்னும் பிராக் போகிறவர்களிடம்தான் சொல்லி அனுப்புகிறேன். ரயிலில் இரண்டரை மணி நேரம்தான். காய்க்கு மட்டும் புர்னோவின் 'ஸெல்னி டிர்' சதுக்கத்தை எதோடும் ஒப்பிட மாட்டேன். பெயருக்கே காய்கறிச் சந்தை என்றுதான் அர்த்தம், இடைக்காலத்திலிருந்து அங்கேயே நடக்கிறது. வெந்தயக்கீரையும் முருங்கையும் கிடைக்காது. ஆனால் மண் ஒட்டிய பீட்ரூட்டும் கைப்பிடி அளவு கோல்ராபியும், விளைவித்தவர் கையிலிருந்தே கிடைக்கும்.

இரண்டு ஊருக்கும் பொதுவான சமையல் சொற்கள் சிலவற்றைக் குறித்துக்கொள். ரவைக்கு 'க்ருபித்ஸெ'. மோருக்கு 'பொட்மாஸ்லி', அசல் மோரேதான், இஞ்சி தட்டிப் போட்டுக் குடிக்கலாம். மைதா என்று பொதுவாகக் கேட்டால் நேர்த்தி, நடுத்தரம், கொரகொரப்பு என மூன்று ரகம் வரும். சப்பாத்திக்கு அது எதுவும் ஆகாது, முழுக்கோதுமை மாவைத் தனியாகக் கேட்டு வாங்கு. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், அடுக்களையில் இட்லி மாவு அசையாமல் கிடக்கும். பாத்திரத்தைத் துண்டால் சுற்றி, சன்னலடி வெந்நீர்ச் சூடேற்றிக்குப் பக்கத்தில் முக்காலி மேல் வை. மேலேயே வைத்தால் அடிமாவு வெந்துபோகும். காலையில் மூடி லேசாக எழும்பியிருக்கும். மிக்சியை மட்டும் இரவு பத்துக்குமேல் போடாதே, பத்திலிருந்து காலை ஆறு வரை அமைதி நேரம்.

வேலை விஷயத்தில் பிராக்கை விட்டுக்கொடுக்க முடியாது. புர்னோவில் மென்பொருள் நிறுவனங்கள், பன்னாட்டு நிறுவனங்களின் கணக்கு வழக்கு மையங்கள், எலக்ட்ரான் நுண்ணோக்கித் தொழிற்சாலைகள் என்று இருக்கின்றன. இந்தியர்கள் நிறையப் பேர் இவற்றில்தான். இந்தத் துறைகளுக்கு வெளியே போனால் வாசல் குறுகிவிடும். வேலை போனால் குறித்த நாளுக்குள் அடுத்த வேலை தேடியாக வேண்டும் என்பது அனுமதி அட்டையின் நிபந்தனை. அந்த நெருக்கடியில் பெரிய ஊர் கை கொடுக்கும். கணவன், மனைவி இருவரும் வேலை தேடுகிறவர்கள் என்றால் இதை நன்றாக யோசிக்க வேண்டும். ஊருக்குப் போக பிராக்கிலிருந்து துபாய் வழியாகச் சென்னை. புர்னோக்காரர்களுக்கு வியன்னா ரயிலில் ஒன்றரை மணி நேரம், நாங்கள் அங்கிருந்துதான் ஏறுகிறோம்.

இனி மொழி.

பிராக்கில் மூன்றரை ஆண்டும் ஆங்கிலத்திலேயே ஓடியது. கடையில் நான் 'டொப்ரீ டென்' (வணக்கம்) என்று வாயெடுப்பதற்குள் எதிரே இருப்பவர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். உதவிதான், நன்றி சொல்ல வேண்டியதுதான். ஆனால் மூன்றரை ஆண்டு முடிவில் எனக்கு மெட்ரோ கதவு மூடும் அறிவிப்பு மனப்பாடம், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் பெயரும் தெரியாது. புர்னோவில் லீஷென் அடுக்குமாடியில் குடியேறிய முதல் வாரமே, மின்தூக்கியில் ஏறிய பெரியவர் வணக்கம் சொல்லிவிட்டு விடாமல் பேசினார். எனக்குப் புரியாதது அவருக்குத் தெரிந்தும் நிறுத்தவில்லை. மருத்துவரின் காத்திருப்பு அறையில் நுழைகிறவர் எல்லோருக்கும் வணக்கம் சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொல்வார்கள். பேசாமல் இருக்க இந்த ஊர் விடாது.

கற்கத் தொடங்கியதும் இது நமக்கு அந்நியமான மொழியே இல்லை என்று தோன்றியது. நீ, நீங்கள் இரண்டும் இங்கேயும் உண்டு. 'இனி நீ என்றே கூப்பிடலாம்' என்று வயதில் மூத்தவர்தான் முதலில் சொல்ல வேண்டும். எழுத்து மொழி ஒன்று, பேச்சு மொழி இன்னொன்று என்பதும் நம்மைப் போலத்தான். சன்னலுக்குப் பாடநூலில் 'ஒக்னோ', பிராக் வீதியில் 'வொக்னோ'. புர்னோவில் 'ஒக்னோ' அப்படியே இருக்கும், ஆனால் 'நான் இருக்கிறேன்' என்பதற்கு 'ய்செம்' போய் 'சு' வந்துவிடும். விளக்கைப் போடு என்பதற்கு இங்குள்ள 'ரொஷ்னி' என்ற சொல்லைப் பிராக்கில் சொன்னால் மொராவியாக்காரர் (புர்னோ இருக்கும் கிழக்குப் பகுதிக்காரர்) என்று சிரிப்பார்கள். மதுரைக்கும் கோவைக்கும் உள்ள அதே தூரம்.

வேற்றுமை நமக்கு எட்டு, அவர்களுக்கு ஏழு. நமக்கு விளி எட்டாவது, அவர்களுக்கு ஐந்தாவது. மகள் மீனா ஒரு நாள் பள்ளியிலிருந்து வேற்றுமை அட்டவணையோடு வந்தாள். நான் முருகன், முருகா என்று எழுதிக் காட்டினேன். அவள் பக்கத்திலேயே மாரெக், மார்க்கு என்று எழுதினாள். ஆகார ஈற்றுப் பெண்பெயர் விளிக்கும்போது ஓகாரமாகும் என்பதும் அவள் சொல்லித்தான் தெரிந்தது. யானா, யானோ.

எதிர்வீட்டுப் பாட்டிக்கு இது எதையும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு மழைநாளில் மீனா செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். இங்கேயும் வாசலில்தான் கழற்றுவார்கள். ஒரு செருப்பு படியில் உருண்டு கீழே போய்விட்டது. பாட்டி அதை எடுத்துக்கொண்டு மாடி ஏறியபடியே "மீனோ! மீனோ!" என்று கூப்பிட்டார். பிராக்கில் என் மகளை ஆசிரியர், மருத்துவர், கடைக்காரர் என்று எல்லோரும் 'மீனா' என்றுதான் அழைத்தார்கள், ஒரு வெளிநாட்டுச் சொல்லைத் தொடாமல் வைப்பதுபோல. பாட்டியின் வாயில் அந்தப் பெயர் அவர் மொழியின் இலக்கணத்துக்குள் போய்விட்டது. வாசலில் நின்று அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தம்பி, உனக்கு வெள்ளிக்கிழமைவரை நேரம் இருக்கிறது என்றாய். எந்த ஊரானாலும் பிறப்புச் சான்றும் பட்டமும் அப்போஸ்டில் முத்திரையோடு (வெளிநாட்டில் ஏற்கும்படி நம் அரசு தரும் சான்று) எடுத்து வா, செக் மொழிபெயர்ப்பை இங்கே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரிடம் செய்துகொள்ளலாம். சாவி வாங்கும் அன்றைக்கே தபால் பெட்டியில் பெயரை ஒட்டு. புர்னோ என்று முடிவு செய்தால், வியன்னா விமான நிலையத்துக்கு நானும் மீனாவும் வருகிறோம்.