யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் கார்புரேட்டர்: க்ளீனர் ஸ்ப்ரே போதுமா, கழட்டணுமா?
மூணு மாசம் பெங்களூர் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல நின்ன வண்டி, சோக் (கலவையில பெட்ரோலைக் கூட்டுற லிவர்) போட்டா ஓடுது, எடுத்தா செத்துப்போவுது. கார்புரேட்டர்ல, அதாவது பெட்ரோலையும் காத்தையும் கலக்கற பாகத்துல, ஸ்ப்ரேன்னா பத்து நிமிஷ வேலை, ஆனா மேலாப்புல இருக்கற அழுக்குதான் போவும், தினம் ஓட்டுற வண்டிக்கு அது ஓகே. நானும் ரெண்டு தடவை அடிச்சுட்டு சில்க் போர்டு சிக்னல்ல தள்ளிட்டு நின்னேன்.

கழட்டினா அரைநாள் காலி, ஜேசி ரோட்டுக்குப் போய் கேஸ்கெட் வேற வாங்கணும். ஆனா பைலட் ஜெட்டை (ஐடில்ல, அதாவது ஆக்சிலரேட்டர் முறுக்காதப்ப, பெட்ரோல் விடற சின்ன ஓட்டை உள்ள பாகம்) வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா ஓட்டையே தெரியல, காஞ்ச பெட்ரோல் பிசின் மாதிரி அடைச்சிருக்கு! கம்பி விட்டுக் குத்தாதீங்க, ஓட்டை பெருசாயிடும், க்ளீனர்ல ஊறவச்சு காத்தடிங்க. அப்புறம் காத்தோட அளவை மாத்தற ஏர் ஸ்க்ரூவை மெதுவா முழுசா மூடி ஒன்றரை சுத்து தளர்த்தி, இன்ஜின் சூடானப்புறம் ஐடில் செட் பண்ணேன், ஏர் ஸ்க்ரூவை உள்ள திருகினா ரிச் (பெட்ரோல் அதிகம்), வெளிய திருகினா லீன் (காத்து அதிகம்). இப்ப சோக் இல்லாமலே ஓடுது.