சொன்னபடியா, உணர்வுபடியா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் ஆயாவுக்கு அரசியல் பேச்சுகளைத் தமிழில் சொல்லிப் பழகியவன் நான். சொல் மாறாமல் சொல்வதா, உணர்வு வரும்படி மாற்றிச் சொல்வதா என்ற குழப்பம் அப்போதே வந்துவிட்டது.

மேடையில் ‘அமாண்ட்லா!’ என்று முழங்கினால் கூட்டம் ‘அவெத்து!’ என்று பதில் கொடுக்கும். அதையே தமிழில் ‘அதிகாரம்! நம்முடையது!’ என்றால் பொருள் சரிதான், ஆனால் சூடு ஆறிவிடும். முழக்கங்களில் கொஞ்சம் சுதந்திரம் எடுக்கலாம்.

வாக்குறுதி வேறு. மண்டேலா 1964-இல், நிறவெறி அரசு அவர்மீது தொடுத்த ரிவோனியா வழக்கில், தேவைப்பட்டால் தன் இலட்சியத்துக்காக உயிரையும் கொடுக்கத் தயார் என்றார். அந்தத் ‘தேவைப்பட்டால்’ இல்லாவிட்டால் பேச்சு இன்னும் வீரமாகக் கேட்கும். ஆனால் அவர் சாவைத் தேடிப் போனவராகிவிடுவார். அதில் கை வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

நிறவெறிக் காலக் கொடுமைகளைப் பற்றி 1996-இல் தொடங்கிய உண்மை, நல்லிணக்க ஆணைய விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளர்கள் ‘அவர் சொன்னார்’ என்று விலகி நிற்காமல் ‘நான்’ என்றே பேசினார்கள். அடிபட்டவரின் வலியும் அடித்தவரின் ஒப்புதலும் ஒரே வாயில் வந்தன. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. அதனால், தலைவர் மழுப்பினால் ஆயாவிடமும் மழுப்பலாகவே சொல்கிறேன்.