சந்தேகிப்பதே பணியாகக் கொண்டவர்கள்: ‘தி பார்டர்லேண்ட்ஸ்’ திரைப்படம்

அற்புதம் நடந்ததாகச் செய்தி வந்தால் அதை முதலில் சந்தேகிப்பது திருச்சபைதான் என்பது, களியக்காவிளைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் வாழும் எங்களுக்குத் தெரிந்த செய்தி. இங்கே நட்டாலத்தில் பிறந்து, 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளை, 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்படுவதற்கு முன்பு, அவரது பரிந்துரையால் நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்ட அற்புதத்தை வத்திக்கான் ஆராய்ந்து முடிக்கும்வரை எங்கள் கத்தோலிக்கப் பங்குகள் (ஆலயச் சமூகங்கள்) எல்லாவற்றிலும் காத்திருந்தார்கள். அத்தகைய விசாரணையையே கதையாகக் கொண்ட ஒரு பிரிட்டிஷ் திகில் படம் நம் வாசகர்களிடம் அதிகம் பேசப்படாமல் போனது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

எலியட் கோல்ட்னர் எழுதி இயக்கி, 2013-இல் முதலில் திரையிடப்பட்ட ‘தி பார்டர்லேண்ட்ஸ்’ ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் ஃபவுண்ட் ஃபுட்டேஜ் படம்; அதாவது, கதைமாந்தர்களே எடுத்த காணொளிப் பதிவுகள் போலக் கதை சொல்லும் வகை. அமெரிக்காவில் ‘ஃபைனல் பிரேயர்’ என்ற பெயரில் வெளியானது. இங்கிலாந்தின் டெவன் பகுதியில், நெடுங்காலம் மூடிக் கிடந்து மீண்டும் திறக்கப்பட்ட ஒரு சிற்றூர்க் கோவிலில், குழந்தைக்குத் திருமுழுக்கு நடந்தபோது பீடத்தின் மேலிருந்த பொருள்கள் தாமாக அசைந்ததாக ஒரு காணொளி வருகிறது. அதை ஆராய வத்திக்கான் அனுப்பும் மூவர் டீக்கன், கிரே, அருட்தந்தை மார்க்.

இந்த வகைப் படங்களில் எனக்கு எப்போதும் உறுத்துவது, உயிர் போகும் வேளையிலும் ஒருவர் ஏன் கேமராவைக் கீழே வைக்காமல் இருக்கிறார் என்பதுதான். இந்தப் படம் அதற்கு நேர்மையான விடை வைத்திருக்கிறது: டீக்கன் முன்பு பிரேசிலில் நடத்திய விசாரணை உயிரிழப்பில் முடிந்திருப்பதால், இம்முறை எல்லாமே பதிவாக வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. எனவே ஒவ்வொருவரும் தலையில் கேமராவை மாட்டிக்கொண்டே நடக்கிறார்கள், தங்கியிருக்கும் வீட்டின் அறைகளிலும் கேமராக்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஆனால் படத்தின் உயிர் டீக்கனுக்கும் கிரேவுக்கும் இடையிலான பேச்சில் இருக்கிறது. டீக்கன் திருச்சபையின் ஆள். ஆயினும் பல பொய் அற்புதங்களைப் பார்த்துச் சலித்தவராதலால், மறைத்து வைத்த ஒலிபெருக்கியையும் கம்பியையும்தான் முதலில் தேடுகிறார். கூலிக்கு வந்த தொழில்நுட்பக்காரரான கிரேவுக்குச் சமயப்பற்று இல்லை. ஆனால் ஏதோ ஒன்று இருக்கிறது என்று நம்ப ஆசைப்படுகிறவர் அவர்தான். கார்டன் கென்னடியும் ராபின் ஹில்லும் இந்த முரணைப் பிரசங்கமாக்காமல், குடித்தும் சிடுசிடுத்தும் கேலி செய்துகொண்டும், ஒரே வீட்டில் தங்க நேர்ந்த இருவரின் இயல்பான பேச்சாகவே நடித்திருக்கிறார்கள். இவர்களை நமக்குப் பிடித்துப்போவதால்தான் பின்னால் வரும் ஆபத்து நம்மைத் தாக்குகிறது.

பேய் முகத்தைத் திடீரென்று காட்டி அலற வைக்கும் வேலை இதில் குறைவு. கற்சுவருக்குள்ளிருந்து வரும் குழந்தை அழுகையும், எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிடிபடாத முனகலுமே பயத்தை வளர்க்கின்றன. இரவில் ஓர் ஆட்டுக்குத் தீ வைக்கப்படும் காட்சி மட்டும் மிகக் கொடுமையானது. இளகிய மனம் உடையவர்கள் அதைத் தாண்டிச் செல்லலாம்.

அந்தக் கோவில் எந்த மண்ணின்மேல் நிற்கிறது என்ற கேள்விக்குப் படம் மெல்ல வந்து சேர்கிறது. இது கற்பனைக்காக இட்டுக்கட்டிய கேள்வி அன்று. 601-ஆம் ஆண்டில் திருத்தந்தை முதலாம் கிரகோரி, இங்கிலாந்துக்குப் பயணப்பட்ட மெலித்தூஸ் என்ற மடாதிபதிக்கு எழுதிய கடிதத்தில், அந்நாட்டுப் பழைய வழிபாட்டு இடங்களை இடிக்க வேண்டாம், சிலைகளை மட்டும் அகற்றிவிட்டுக் கட்டடத்தைப் புனிதப்படுத்திக்கொள்ளலாம் என்றே அறிவுறுத்தினார். மனை வாங்கும்போது அங்கே இசக்கிக்கோ மாடனுக்கோ முன்பு படையல் வைத்தார்களா என்று விசாரிக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு, வெளிநாட்டு விமர்சகர்களைவிட இந்தப் பகுதி நன்றாகப் புரியும் என்று நினைக்கிறேன்.

குறைகளும் உண்டு. முதல் பாதி சற்று மெதுவாக நகர்கிறது. அற்புதத்தை மோசடி என்று எழுதி விசாரணையை விரைவில் முடித்துவிடத் துடிக்கும் மார்க், அதிகாரி என்ற அளவிலேயே நின்றுவிடுகிறார்; அவருக்கும் ஒரு தனி அச்சத்தையோ வேண்டுதலையோ தந்திருந்தால் மூவரின் மோதல் இன்னும் கூர்மை பெற்றிருக்கும். ஊர் மக்களின் பகைமையும் தொடங்கப்பட்டுப் பாதியில் விடப்படுகிறது.

கடைசிப் பத்து நிமிடங்களைப் பற்றி அதிகம் சொல்லக் கூடாது. கோவிலுக்கு அடியில் இறங்கும் சுரங்கவழி குறுகிக்கொண்டே போவதும், டீக்கனின் மன்றாட்டுக்கு அங்கே கிடைக்கும் பதிலும், அதற்கு முன் ஒரு மணி நேரத்துக்கு மேலாகப் பொறுமையாகச் சேர்த்து வைத்த ஐயங்களுக்கெல்லாம் ஒரே அடியாகக் கணக்குத் தீர்க்கின்றன. முடிவு அவசரமானது என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. கதைச் சுருக்கத்தை முன்கூட்டியே படிக்காமல், ஒலியின் நுணுக்கங்கள் தவறாதபடி ஹெட்ஃபோன் அணிந்து பாருங்கள்; குழந்தைகளோடு சேர்ந்து பார்க்க வேண்டாம், அடைபட்ட இடங்களில் மூச்சு முட்டும் இயல்புடையவர்கள் இந்தப் படத்தைத் தவிர்த்துவிடுவதே நல்லது.