ஏல மென்பொருளின் நிலைகள்: எந்த இடத்தில் எது பூட்டப்படுகிறது

ஏல மேலாண்மை மென்பொருள் எதைத் திறந்தாலும் டிராஃப்ட், முன்பார்வை, நேரலை, முடிந்தது, கணக்கு முடிந்தது என்ற மாதிரி ஒரு வரிசை இருக்கும். பெயர்கள் மாறலாம், வேலை ஒன்றுதான். ஒவ்வொரு நிலையும் ஒரு பூட்டு. அதைத் தாண்டியபின் சில விவரங்களைத் திருத்த முடியாது, திருத்த முடிந்தாலும் திருத்தக் கூடாது. பல ஏலங்களை நடத்திப் பார்த்ததில், பெரும்பாலான தகராறுகள் தவறான நேரத்தில் நிலையை நகர்த்துவதால்தான் வருகின்றன.

டிராஃப்டில் லாட் (ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு பொருள்) எண், தொடக்க விலை, ரிசர்வ் விலை (விற்பவர் ஏற்கும் குறைந்தபட்ச விலை), ஏற்றத் தொகை (ஒவ்வொரு கேட்பிலும் விலை கூடும் அளவு) அட்டவணை, பிரீமியம் (ஏல விலைக்கு மேல் வாங்குபவர் தரும் கட்டணம்) சதவீதம், வரி எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும். முன்பார்வைக்குப் போனதுமே முன்கூட்டிய விலைக் கேட்புகள் வரத் தொடங்கும். அதன்பிறகு லாட் எண்ணை மாற்றினால் அச்சிட்ட பட்டியலும் திரையும் முரண்படும். இடையில் ஒரு பொருளைச் சேர்க்க வேண்டுமென்றால் 45அ என்று எண் கொடுங்கள், மற்ற எண்களைத் தள்ளாதீர்கள்.

நேரலையில் அதிகம் குழப்புவது அதிகபட்சக் கேட்பு, அதாவது எதுவரை போகத் தயார் என்று ஒருவர் முன்பே பதியும் தொகை. அதற்குள் தேவையான அளவு மட்டும் மென்பொருள் அவருக்காக ஏற்றிக் கேட்கும். ஏற்றத் தொகை 100 என்று வையுங்கள். ஒருவர் 5,000 வரை, இன்னொருவர் 4,200 வரை பதிந்திருந்தால் திரையில் 4,300தான் தெரியும். ரிசர்வ் 4,500 என்றால் பல மென்பொருள்கள் விலையை நேரே 4,500-க்கு ஏற்றிவிடும். இதை விதிமுறைகளில் எழுதி வைக்காவிட்டால் "யாருமே கேட்காமல் விலை எப்படி ஏறியது?" என்ற கேள்வி கட்டாயம் வரும். முதல் கேட்பு விழுந்தபின் ஏற்றத் தொகையில் கை வைக்கவே வேண்டாம்.

முடியும் கட்டத்துக்கு இரண்டு அமைப்புகள் உண்டு. ஒன்று, லாட்டுகளை இடைவெளி விட்டு முடிப்பது. 30 வினாடி இடைவெளியில் 200 லாட் என்றால் கடைசி லாட் ஏறக்குறைய 100 நிமிடம் கழித்துத்தான் முடியும். மற்றொன்று நேர நீட்டிப்பு. கடைசி 2 நிமிடத்தில் கேட்பு வந்தால் இன்னும் 2 நிமிடம் கூடும். நீட்டிப்பை லாட் வாரியாக வையுங்கள். ஏலம் முழுவதற்கும் வைத்தால், ஒரே லாட்டில் இருவர் போட்டி போட, மற்ற லாட்டுகளெல்லாம் திறந்தே கிடக்கும். நேர மண்டலத்தையும் ஒருமுறை சரிபாருங்கள், சர்வர் நேரமும் திரை நேரமும் வேறாக இருக்கலாம்.

கடிகாரம் நின்றதற்கும் இன்வாய்ஸ் போவதற்கும் நடுவில் உள்ள நிலையைத்தான் பலர் அவசரமாகக் கடக்கிறார்கள். மென்பொருள் தானாக இன்வாய்ஸ் அனுப்பும் வசதி இருந்தால் அணைத்து வையுங்கள். ரிசர்வை எட்டாத லாட்டுக்கு விற்பவர் சம்மதம் கேட்பது, தவறாகப் பதிந்த கேட்பை நீக்குவது, அடுத்த இடத்தில் இருந்தவருக்கு வாய்ப்புக் கொடுப்பது எல்லாம் இங்கேதான் நடக்க வேண்டும்.

வரியையும் இங்கேயே சோதியுங்கள். ஏல விலை 10,000, பிரீமியம் 15% என்றால் மொத்தம் 11,500. 10% வரியை மொத்தத்தில் போட்டால் 1,150, பிரீமியத்தில் மட்டும் போட்டால் 150. எது பொருந்தும் என்பது உங்கள் ஊர்ச் சட்டம். ஆனால் இன்வாய்ஸ் போனபின் அமைப்பை மாற்றினால் பழையவை பொதுவாக மாறாது. ஒவ்வொன்றாக ரத்து செய்து மறுபடி போட வேண்டிவரும்.

விற்பவருக்குப் பணம் தருவது கடைசி நிலை. பிரீமியம் ஏலம் நடத்துபவருடையது. விற்பவர் கணக்கு 10,000-இல் தொடங்கி, கமிஷன் கழித்து வர வேண்டும். வாங்கியவரின் பணம் வங்கியில் உறுதியாகும் வரை இதைத் திறக்காதீர்கள்.

விலை போகாத லாட்டை அடுத்த ஏலத்துக்குக் கொண்டுபோகும்போது பழையதை மறுபடி திறக்காமல் புதிய பிரதி எடுங்கள். இல்லையென்றால் பழைய அதிகபட்சக் கேட்புகளும் சேர்ந்து வந்துவிடக்கூடும்.