கொலாஜன் பவுடரா, பயோட்டின் மாத்திரையா, ஆட்டுக்கால் சூப்பா?

தோல் மினுங்கும், நகம் உடையாது, முடி கொட்டாது. கொலாஜன் பவுடர் டப்பாவிலும் இதே பேச்சு, பயோட்டின் என்ற பி வைட்டமின் மாத்திரையின் அட்டையிலும் இதே பேச்சு. வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் இரண்டும் வேண்டாம், வாரம் ஒருமுறை ஆட்டுக்கால் சூப் குடி என்பார்கள். தோல் மருத்துவரிடம் போனால் அவர் சன்ஸ்கிரீன் எழுதித் தருவார். கையில் இருக்கும் காசை இவற்றில் எதில் போடலாம்?

விளம்பரம் ஒரே மூச்சில் சொல்லும் தோலையும் நகத்தையும் முதலில் பிரித்துவிடலாம். தோலின் உள்ளடுக்கைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம். அது வயதோடும் வெயிலோடும் குறைகிறது, தோல் தளர்கிறது. ஆனால் நாம் வெட்டி எறியும் நகம் கெரட்டின் என்ற வேறு புரதத்தால் ஆனது. கொலாஜன் இருப்பது நகத்துக்கு அடியில் உள்ள சதையில். ஆக, தோலுக்குக் கொலாஜன் என்பதிலாவது ஒரு நேரடித் தர்க்கம் இருக்கிறது. நகத்துக்கு அதுவும் இல்லை.

பவுடரைக் குடித்தால் அது நேராகக் கன்னத்தில் போய் உட்காராது. வயிறும் குடலும் அதையும் பருப்பு, முட்டையைப் போலவே உடைக்கின்றன. இதைச் சொல்லியே பலர் கொலாஜனை ஒதுக்கிவிடுகிறார்கள். அது கொஞ்சம் அவசரம். கடையில் விற்பது ஏற்கெனவே சிறு துண்டுகளாக வெட்டப்பட்ட கொலாஜன். அதில் இரண்டு, மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த சில துணுக்குகள் உடையாமல் இரத்தத்தில் கலப்பதை அளந்து பார்த்திருக்கிறார்கள். கொலாஜன் சிதைந்துவிட்டது, புதிதாகச் செய் என்று தோல் செல்களுக்கு அவை சைகை கொடுக்கின்றன என்பது ஆதரவாளர்கள் வாதம். நடக்கக்கூடியதுதான்.

நடக்கிறதா? 2014இல் 35 முதல் 55 வயதுக்குட்பட்ட 69 பெண்களை வைத்து ஜெர்மனியில் ஓர் ஆய்வு நடந்தது. தினம் 2.5 அல்லது 5 கிராம், எட்டு வாரம். வெற்றுப் பவுடர் குடித்தவர்களைவிடக் கொலாஜன் குடித்தவர்களின் தோல் நெகிழ்வு கூடியிருந்தது. பிறகு வந்த பல ஆய்வுகளும் ஈரப்பதம் கூடுகிறது, சுருக்கம் சற்றுக் குறைகிறது என்றே சொல்லின. ஆனால் 2025இல் 23 ஆய்வுகளை, மொத்தம் 1,474 பேரை, ஒன்றாகத் திரட்டிப் பார்த்தபோது கதை மாறியது. எல்லாவற்றையும் கூட்டினால் பலன் தெரிகிறது. நிறுவனங்கள் காசு கொடுக்காத ஆய்வுகளை மட்டும் எடுத்தால் பலன் காணாமல் போகிறது. தரமான ஆய்வுகளை மட்டும் எடுத்தாலும் அப்படியே. பவுடரை விற்பவரே பரீட்சையும் வைத்து மதிப்பெண்ணும் போட்டால் எவ்வளவு நம்புவோம்? என்னைக் கேட்டால், தோல் விஷயத்தில் கொலாஜனுக்கு ‘இருக்கலாம்’ என்பதற்கு மேல் தர மாட்டேன்.

மீன் கொலாஜனா, மாட்டுக் கொலாஜனா என்று ஒரு கிளைச்சண்டை வேறு ஓடுகிறது. இரண்டிலும் இருப்பது பெரும்பாலும் ஒரே வகை, நம் தோலிலும் அதிகமுள்ள ‘டைப் 1’ கொலாஜன்தான். மீன் ஒவ்வாதவர்களும், மத நம்பிக்கையால் மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும் பார்த்து வாங்கவேண்டும். மற்றபடி மீனுக்குக் கூடுதல் விலை கொடுக்க வலுவான காரணம் எதையும் நான் பார்த்ததில்லை.

ஆட்டுக்கால் சூப்பில் கொலாஜன் இருக்கிறதா என்றால், நிச்சயம் இருக்கிறது. ஆறியதும் கெட்டியாகி ஆடுகிறதே, அது கொலாஜன் வெந்து ஜெலட்டின் ஆனதால்தான். சிக்கல் அளவில். எலும்பு எவ்வளவு, எவ்வளவு நேரம் கொதித்தது, எத்தனை டம்ளர் தண்ணீர் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு சட்டியிலும் அளவு மாறும். எலும்புச் சாற்றை ஆய்வகத்தில் அளந்தவர்களும், பவுடர் அளவுக்கு நம்பகமாக அதில் கிடைக்காது என்றே முடித்தார்கள். குடிக்க வேண்டாம் என்பதில்லை. மிளகும் சீரகமும் தட்டிப்போட்ட சூப்பை தோலுக்காகக் குடிக்கவேண்டிய அவசியமும் இல்லை, ருசிக்காகவே குடிக்கலாம். அப்புறம், நோன்புக் காலத்தில் செய்யும் கடல்பாசியும் இப்படித்தான் ஆடும், ஆனால் அது தாவரப் பொருள். அதில் கொலாஜன் கிடையாது.

இனி நகம். இங்கே கொலாஜனுக்குச் சாட்சியாக எல்லோரும் காட்டுவது 2017இல் வெளிவந்த ஒரு பிரேசில் ஆய்வு. தினம் 2.5 கிராம், 24 வாரம். நகம் வளரும் வேகம் 12 சதவீதம் கூடியது, உடைவது 42 சதவீதம் குறைந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பங்கேற்றவர்கள் 25 பேர், ஒப்பிட்டுப் பார்க்க வெற்றுப் பவுடர் குடித்த குழுவே இல்லை. ஆறு மாதம் நகத்தையே கவனித்துக்கொண்டிருப்பவர் எதுவும் குடிக்காமலே நகத்தைப் பத்திரமாக வைத்திருப்பார்.

பயோட்டின் கதை குதிரைக் குளம்பிலிருந்து வந்தது. குளம்பு வெடித்த குதிரைகளுக்குக் கால்நடை மருத்துவர்கள் கொடுத்துவந்ததை மனிதர்களிடமும் முயன்றார்கள். தினம் 2.5 மில்லிகிராம் சாப்பிட்டவர்களின் நகம் 25 சதவீதம் தடித்ததாக 1990இல் ஓர் ஆய்வு சொன்னது. அதுவும் சின்னதுதான். இருந்தாலும் எளிதில் உடையும் நகத்துக்குக் கொலாஜனைவிடப் பயோட்டினுக்கு ஒரு படி மேலே இடம் தருவேன், விலையும் குறைவு. ஆனால் அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது, அட்டையில் அதைப் போடுவதில்லை. நம் தினசரித் தேவை சுமார் 30 மைக்ரோகிராம். கடையில் கிடைப்பதோ பெரும்பாலும் 10 மில்லிகிராம், அதாவது முந்நூறு மடங்குக்கு மேல். இவ்வளவு பயோட்டின் இரத்தத்தில் ஓடும்போது சில பரிசோதனைகள் தப்பான எண்ணைக் காட்டும். தைராய்டு நன்றாக இருப்பவருக்கு அது அதிகமாகச் சுரப்பதுபோல முடிவு வரலாம். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனை குறைவான எண்ணைக் காட்டி, அதனால் ஒருவர் இறந்ததையும் சொல்லி 2017இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது. மாத்திரை சாப்பிடுபவர்கள் இரத்தம் கொடுக்கும் முன் லேபில் சொல்லிவிடுங்கள்.

இரண்டையும் வாங்கும் முன் செய்யவேண்டியது ஹீமோகுளோபின், தைராய்டு பரிசோதனை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை. நகம் மெலிந்து, கரண்டிபோல் குழிவது இரும்புச்சத்துக் குறைவின் பழைய அடையாளம். அவர்களுக்குக் கொலாஜன் டப்பா எத்தனை காலி செய்தாலும் பயனில்லை. பரிசோதனை சரியாக இருந்தும் நகம் அடுக்கடுக்காக உரிகிறதா? பாத்திரம் தேய்ப்பது, துணி துவைப்பது, அடிக்கடி நெயில் பாலிஷ் ரிமூவர். நனைவதும் காய்வதும் மாறி மாறி நடந்தால் நகத்தின் அடுக்குகள் பிரியும். ஒரு ஜோடி ரப்பர் கையுறையும் இரவில் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் போதும். விரல் நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர்தான் வளரும். அதனால் எதைச் செய்தாலும் ஆறு மாதம் பொறுத்துத்தான் தெரியும்.

தோலுக்குத் திரும்பினால், பவுடருக்கு உண்மையான போட்டி சன்ஸ்கிரீன். ஆஸ்திரேலியாவில் நம்பூர் என்ற ஊரில் 903 பேரை நாலரை ஆண்டு பின்தொடர்ந்தார்கள். தினமும் பூசியவர்களின் தோல், தோன்றியபோது பூசியவர்களுடையதைவிட 24 சதவீதம் குறைவாகவே முதிர்ந்திருந்தது. அவர்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்கள். நமக்குச் சுருக்கம் தாமதமாகத்தான் வரும், நம் கவலையெல்லாம் மங்கு எனப்படும் முகத்துக் கருந்திட்டு, கரும்புள்ளி பற்றித்தான். அதற்கும் வெயில்தான் எண்ணெய் ஊற்றுகிறது. மங்கு இருந்தால் நிறம் கலந்த சன்ஸ்கிரீன் கூடுதல் பலன் தரும். புதுக் கொலாஜன்தான் வேண்டும் என்றால், வெயிலில் கெட்ட தோலில் அதைச் செய்ய வைப்பதாக 1993லேயே காட்டப்பட்டது வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த டிரெட்டினாயின் களிம்பு. மருத்துவர் சொல்லித்தான் பூசவேண்டும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

இதெல்லாம் செய்த பிறகும் மாதம் ஆயிரம் ரூபாய் மிஞ்சி, பவுடரைப் பார்க்க ஆசையாக இருந்தால் மூன்று மாதம் குடித்துப் பாருங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம். இதைப் புரதக் கணக்கில் சேர்க்காதீர்கள், டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் இதில் அறவே இல்லை. முட்டையும் பருப்பும் தயிரும் அப்படியே தொடரட்டும். சைவம் சாப்பிடுபவர்கள் பச்சைப் புள்ளி போட்ட ‘வெஜ் கொலாஜன்’ டப்பாவைத் திருப்பிப் பார்க்கவும். உள்ளே வழக்கமாக இருப்பது வைட்டமின் சியும் சில அமினோ அமிலங்களும். உடம்பு கொலாஜன் செய்ய வைட்டமின் சி தேவை என்பது உண்மைதான், ஆனால் அது ஒரு கொய்யாவில் ஒரு நாளைக்கு வேண்டிய அளவைத் தாண்டியே கிடைக்கிறது.